பொன்னுருக்குக்குப் போன பெண்

ஏரம்பமூர்த்தி எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தது நான்தான். அவர் அதைக் குடிக்கவில்லை. கப்பை வாங்கி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, காரில் இருந்து கொண்டுவந்த போத்தல் தண்ணீரைக் குடித்தார். எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அந்த மனிதர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வருவது புதிதில்லை. பஸ்ஸில் இறங்குமுன் மணி அடிக்கிற கொண்டக்டரையும் விடமாட்டேன், கூட்டம் போட்டுப் பொய் சொல்கிற தொழிற்சங்கத் தலைவரையும் விடமாட்டேன். "கோகிலாவோட வாய்க்குப் பயந்தே ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டேங்குறான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனாலும் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சிக்காக.

என் தங்கச்சி ஷாமிளா பெல்மதுளையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருந்து கெம்பஸுக்குப் பட்டம் படிக்கப் போன முதல் பெண் அவள். அதே அலுவலகத்தில்தான் கஜீவனும் வேலை. அவனுடைய அப்பா ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்தில் இருந்து இரத்தினபுரிக் கச்சேரிக்கு அரசாங்கக் கிளார்க்காக வந்து, பென்ஷன் எடுத்து, இங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர். ஷாமிளாவும் கஜீவனும் விரும்பினார்கள். வீட்டில் ஒத்துக்கொள்ள வைக்க அவன் வருஷக்கணக்காகப் பாடுபட்டான் என்று ஷாமிளா சொல்வாள். அவள் சொன்னதை நானும் நம்பினேன்.

நான் படிப்பை ஓ.எல். பரீட்சையோடு விட்டவள். இரத்தினபுரி டவுனில் எங்கள் முதலாளி ஜஸீல் நானாவின் நகைப் பட்டறையில் லேசர் மெஷின் என் பொறுப்பு. மோதிரம், பதக்கம், தோடு எல்லாவற்றுக்கும் அச்சு செய்வது நான்தான். கம்ப்யூட்டரில் நான் வரைந்து கொடுப்பதை மெஷின் பித்தளைத் துண்டில் கொத்தும். ஒளி போய்ப் போய் வரும், ஒவ்வொரு தடவையும் முடி அளவுக்குக் கூட இல்லாத ஒரு படலம் போகும். கொத்தி முடித்த பித்தளைதான் மாதிரி. அதை இரண்டு ரப்பர் தகடுகளுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அமுக்கினால் ரப்பர் இளகி அதைக் கவ்விக்கொள்ளும். ஆறிய பிறகு பிளேடால் பிளந்து மாதிரியை வெளியே எடுத்தால், உள்ளே அதன் உருவத்தில் குழி இருக்கும். அதுதான் அச்சு. அச்சில் மெழுகை விட்டு வார்த்து, மெழுகைச் சாந்துக்குள் புதைத்து, சூளையில் உருக்கி ஓட விட்டு, அது இருந்த இடத்தில் தங்கத்தை ஊற்றுவோம். எவ்வளவு பெரிய ஆளின் தங்க நகையும் எங்கள் பட்டறையில் முதலில் பித்தளையாகத்தான் பிறக்கும்.

நான் ஏமாந்தது அங்கேதான்.

கல்யாணக் கார்ட் அடித்துக் கொடுத்து முடிந்திருந்த சமயம். ஏரம்பமூர்த்தி பட்டறைக்கு வந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மெஷினோடு இருந்தேன். கண்ணில் காப்புக் கண்ணாடி, வாயில் மாஸ்க், தலையில் துணி. அவர் ஜஸீல் நானாவிடம் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டிப் பேசுவது தெரிந்தது. அவர் போன பிறகு நானா உள்ளே வந்தார்.

"புள்ள, தாலி ஒண்டு செய்யணுமாம். அவர்ட மகன்ட கலியாணத்துக்கு. அவர்ட பொஞ்சாதிட தாலிட படம் இது. இதே டிசைன். பித்தளையில செஞ்சு வைக்கட்டாம்."

"சரி நானா" என்றேன்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. எல்லாமே பித்தளையில்தானே தொடங்குகிறது. ஆளுக்குத் தொழில் தெரிந்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன். யாழ்ப்பாணத்தார் கல்யாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு செய்வார்கள் என்று ஷாமிளா சொல்லியிருந்தாள். நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கப் பத்தர் வந்து ஒரு பொன்காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. ஆக, உருக்கிய பொன்னைப் பிறகு கொண்டுவந்து தருவார்கள், அதற்குள் அச்சைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார் என்று நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நானாவுக்கும் அதே நினைப்புத்தான்.

வெளியே போய் "வாங்க மாமா" என்று சொல்லியிருக்கலாம். கை முழுக்கக் கரி, அந்தத் தேத்தண்ணீர் வேறு நெஞ்சில் கிடந்தது. போகவில்லை.

தங்கச்சியின் தாலிக்கு நானே அச்சு செய்கிறேன் என்ற நினைப்பு என்னை ஆட்டிப்படைத்தது. நடுவில் சின்னப் பிள்ளையார், சுற்றிலும் கொடி. பிள்ளையாரின் தும்பிக்கை சரியாக வரவில்லை என்று மூன்று பித்தளைத் துண்டை வீணாக்கினேன். நானா பார்த்தும் பார்க்காதவர் மாதிரிப் போனார். அச்சையும் பிளந்து, மெழுகையும் வார்த்து வைத்தேன். வீட்டில் வாயே திறக்கவில்லை. கட்டுகிற நேரம் வரைக்கும் பெண் தாலியைப் பார்க்கக் கூடாது என்பது எங்களிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. பொன்னுருக்கு நடக்கிற இடத்துக்கும் பெண் வரக் கூடாது. ஷாமிளா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் கழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். "என்னக்கா பைத்தியம் மாதிரி சிரிக்கிற" என்பாள்.

வெள்ளிக்கிழமை ஜஸீல் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏரம்பமூர்த்தி மறுபடி வந்தார். கடையில் நான் மட்டும்தான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தேன். இனி என்னைத் தெரிந்துகொள்வார், சிரிப்பார், நானும் சிரிக்க வேண்டும் என்று தயாராகத்தான் வந்தேன்.

அவர் சிங்களத்தில் பேசினார். என்னைச் சிங்களப் பிள்ளை என்று நினைத்துவிட்டார். இரத்தினபுரியில் கவுன்டரில் நிற்கிற பெண்ணிடம் யாரும் சிங்களத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கும் அது பழக்கம், வாய் தானாகச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டது. "துவ" என்று என்னைக் கூப்பிட்டார். மகளே என்கிறார் மனிதர். என் வீட்டில் என் கையால் வாங்கிய தேத்தண்ணீரைக் குடிக்காதவர், இங்கே என்னை மகளே என்று கூப்பிட்டுக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வெயிலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குரலில் இருந்த மரியாதையை நான் எங்கள் லயத்தில் கேட்கவில்லை.

பித்தளைத் தாலியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஹரிம லஸ்ஸனய்" என்றார், ரொம்ப அழகு என்று. பிறகு, நல்ல தடிப்பாகத் தங்க முலாம் பூசித் தரச் சொன்னார்.

மாதிரிக்கு யாரும் முலாம் பூசுவதில்லை. அதைச் சொல்லி, தங்கம் எப்போது கொண்டுவருவீர்கள் என்று சிங்களத்தில் கேட்க வாயெடுத்தேன். அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்து, என் முன்னாலேயே, யாரோ சொந்தக்காரரோடு நல்ல யாழ்ப்பாணத் தமிழில் பேசத் தொடங்கினார்.

"ஓம் தம்பி, கடையிலதான் நிக்கிறன். சாமான் நல்ல வடிவா வந்திருக்கு. முலாம் பூசினா ஒருத்தராலயும் கண்டுபிடிக்கேலாது." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவர் சிரித்தார். "தங்கமோ? உந்தத் தோட்டக்காட்டுச் சனத்திட்டத் தங்கத்தைக் குடுத்தா வாற பொங்கலுக்கு முதல் அடைவுக் கடையில கிடக்கும். உவன் பெடியன் கண் தெரியாமப் போய் விழுந்திட்டான், நானும் விழவோ? பொன்னுருக்கு முறையாச் செய்வம். சனம் வரும், பாக்கும், காசை உருக்குவம். உருக்கின பொன் வீட்டில கிடக்கட்டும். கழுத்தில இது கிடக்கட்டும். தாலியைக் கழட்டிக்கொண்டு போய் உரைச்சுப் பாக்கிறவள் ஆரடா?"

ஒவ்வொரு சொல்லாக எனக்குள் இறங்கியது. என் கை, என் கண், என் மூன்று பித்தளைத் துண்டு, அந்தத் தும்பிக்கை. தங்கச்சியை ஏமாற்றுவதற்கு நானே ராப்பகலாக உட்கார்ந்து அழகுபடுத்திக் கொடுத்திருக்கிறேன். தாலியைப் பெண் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது, பொன்னுருக்குக்குப் பெண் வரக் கூடாது, கட்டிய தாலியைக் கழற்றக் கூடாது. எல்லாச் சாத்திரமும் அந்த ஆளுக்குத்தான் வசதியாக இருந்தது.

அவர் ஃபோனை வைத்தார். நான் தமிழில் கேட்டேன்.

"ஐயா, தங்கம் எப்ப கொண்டாருவீங்க?"

அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீர் தமிழோ?"

"ஆமாங்க. நீங்க சொன்ன தோட்டக்காட்டுச் சனம். ஷாமிளாவோட அக்கா. எங்க வீட்டுக்கு வந்தப்ப ஒங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தது நாந்தான்."

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பித்தளையை மேசையில் வைத்தார். முகத்தில் ஒரு நிம்மதியோடு சொன்னார்:

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. விசயம் வீட்டுக்குள்ளயே கிடக்கும்."

"என்ன சொல்றீங்க?"

"கார்ட் எல்லாம் குடுத்தாச்சு. ஊர் முழுக்கத் தெரியும். இனி நீர் இதைக் கிளப்பினா ஆரின்ர பிள்ளைக்கு நட்டம் எண்டு நீரே யோசிச்சுப் பாரும். என்ர மகனுக்கு நாளைக்கே வேற இடத்தில பொம்பிளை எடுப்பன்."

மேசையில் இருந்த இடுக்கியை எடுத்து அந்த ஆளின் மண்டையில் போட்டிருப்பேன். அதற்குள் ஜஸீல் நானா தொப்பியோடு வாசலில் வந்து நின்றார். ஏரம்பமூர்த்தி அவருக்கு ஸலாம் சொன்னது போல் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் முலாம் பூசிக் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் பொன்னுருக்கு.

நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தப்புத்தான் புள்ள. பெரிய தப்பு. ஆனா நாங்க கூலிக்குச் செய்ற ஆக்கள். கஸ்டமர் பித்தளை கேட்டா பித்தளை, தங்கம் கேட்டா தங்கம்."

"கூலிக்கு என் தங்கச்சி கழுத்துல நானே பித்தளையைக் கட்டி விடணுமா நானா?"

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தச் சாமான நீ வீட்டுக்குக் கொண்டு போறியா, போட்டுட்டுப் போறியா, நான் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் தடவையாகப் பயம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரியும், பயம் வந்தால் தெரியாது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். தோட்டம் முழுக்கக் கார்ட் கொடுத்தாயிற்று. தங்கச்சி கோயிலுக்குப் போனாலும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் எல்லாக் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும். அதைவிட, அவள் அவனை உயிராக நினைக்கிறாள். சொல்லாமல் விட்டால் சாகும்வரை அவள் அந்தப் பித்தளையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஏரம்பமூர்த்தி சரியாகத்தான் எடை போட்டிருந்தார். எங்களுடைய பயத்தை நம்பித்தான் அந்த ஆள் பித்தளைக்கு ஓடர் கொடுத்திருக்கிறார். அது விளங்கியதும் பயம் விட்டுப் போய் மறுபடி கோபமே வந்தது.

வீட்டில் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அப்பா மூக்கையா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். எனக்கு இருக்கிற வாய் யாரிடம் இருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவைத்தான் கை காட்டுவார்.

"காதும் காதும் வச்சாப்புல விட்டுரும்மா" என்றார். "ஒங்கம்மாவுக்கு நான் என்ன தங்கமா கட்டினேன்? மஞ்சக் கயிறுதான். நாங்க வாழலியா?"

"மஞ்சக் கயிறுன்னு சொல்லித்தானப்பா கட்டினீங்க. தங்கம்னு சொல்லிக் கட்டலியே. அந்தாளு ஊரக் கூட்டிப் பொன்ன உருக்கிக் காட்டிட்டு, பித்தளையக் கட்டப் பாக்குறான். தங்கத்தக் குடுத்தா நம்ம சனம் அடகு வச்சிருமாம்."

அம்மா அடுப்படியில் இருந்து வந்து நின்றாள். அவ்வளவு வாய் உள்ளவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போனாள்.

ஷாமிளா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி, பையில் இருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தேன். பெண் பார்க்கக் கூடாதுதான். அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதுடி."

கஜீவனுக்கு ஃபோன் எடுத்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஷாமி, நான் சொல்லத்தான் இருந்தனான். அப்பான்ர பிடிவாதம் உமக்குத் தெரியும்தானே. இதுக்கு ஓமெண்டு சொன்னாத்தான் கலியாணத்துக்கு வருவன் எண்டார். ஒரு வருசம் போகட்டும், நானே தங்கத்தில மாத்தித் தாறன். ஒருத்தருக்கும் தெரிய வராது."

"எனக்குக் கூடத் தெரிய வராது. அப்படித்தானே?"

"அப்பிடி இல்லை ஷாமி..."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். கையில் இருந்த பித்தளையைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு, "ஞாயித்துக்கெழம நாம போறோம்" என்றாள்.

"பொன்னுருக்குக்குப் பொண்ணு போகக் கூடாதேம்மா" என்றார் அப்பா.

"போகக் கூடாதுதாம்ப்பா. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் போனபோது, ஏரம்பமூர்த்தியின் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். முற்றம் நிறையச் செருப்பு. கொழும்பில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஹோலில் நிறைகுடம், குத்துவிளக்கு, அதற்கு முன்னால் பாயில் பட்டு வேட்டியோடு கஜீவன். அவனுக்கு எதிரே பத்தர் கரி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பொன்காசைத் தட்டத்தில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிடுவதற்குச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் படியேறும்போது அந்தத் தட்டம் கஜீவனின் அம்மா தங்கம்மாவின் கையில் இருந்தது.

ஷாமிளா அலுவலகத்துக்குக் கட்டுகிற சேலைதான் கட்டியிருந்தாள். அவளைக் கண்டதும் பத்தர் நெருப்பை ஊதுவதை நிறுத்தினார். அப்பா படிக்குக் கீழேயே தயங்கி நின்றுவிட்டார். நான் தங்கச்சியின் பின்னால் போனேன். நாக்கில் நான் எடுத்து வைத்திருந்த சொல் ஒன்றா இரண்டா. சந்தர்ப்பம் கிடைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொம்பிளை இஞ்ச வரக் கூடாது" என்று ஏரம்பமூர்த்தி எழுந்தார். "ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? பிள்ளை, வெளியில போய் நில்லும்."

ஷாமிளா அவரைத் தாண்டிப் போய்த் தங்கம்மாவின் முன்னால் நின்றாள். கைக்குட்டையை விரித்துப் பித்தளைத் தாலியை எடுத்து, பொன்காசுக்குப் பக்கத்தில் தட்டத்தில் வைத்தாள்.

"மாமி, இது எனக்குக் கட்டுறதுக்கு மாமா செய்யச் சொன்ன தாலி. பித்தளை. முலாம் பூசினா ஒங்களோடது மாதிரியே இருக்குமாம். நீங்க ஒரு நாளைக்கு ஒங்களோடதக் கழட்டி வச்சிட்டு இதப் போட்டுக்கிறீங்களா? ஒங்களோடத நான் பத்திரமா வச்சிருக்கேன். அடகு வைக்க மாட்டேன்."

தங்கம்மாவின் கை தன் கழுத்துக்குப் போயிற்று. தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு கிழவி "சிவ சிவா" என்றாள்.

"மூதேவி, என்ன அவச்சொல் சொல்லுறாய்" என்று ஏரம்பமூர்த்தி கத்தினார். "நல்ல காரியம் நடக்கிற வீட்டில நிண்டு தாலியைக் கழட்டு எண்டு சொல்லுறாளே."

"கழட்டுறது அவச்சொல்லுன்னா, பொய்யாக் கட்டுறது என்னங்க மாமா?" என்றாள் ஷாமிளா. குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு விளக்கம் சொல்கிற மாதிரித்தான் கேட்டாள். என் நாக்கில் இருந்த எதற்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

வெள்ளைத் தலையோடு இருந்த ஒரு பெரியவர் தட்டத்தை வாங்கி, பித்தளையை எடுத்துப் பத்தரிடம் கொடுத்தார். பத்தர் தன் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். "பித்தளைதான்" என்றார். அதற்குப் பிறகு அது ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. யாரும் ஏரம்பமூர்த்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. "மூர்த்தி, உனக்கு என்ன விசர் பிடிச்சிட்டுதே" என்று அந்தப் பெரியவர் மட்டும் கேட்டார்.

ஏரம்பமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். தன்னுடைய ஆட்களே தன்னை விட்டுத் தள்ளி நிற்பது விளங்கியிருக்க வேண்டும். தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரி. தங்கத்திலயே செய்வம். பத்தர், எல்லாருக்கும் முன்னால காசை உருக்கும். அந்தப் பொன்னிலயே தாலி. இப்ப சந்தோசமோ?"

படிக்குக் கீழே நின்ற அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அதான் சரின்னுட்டாங்களே, வாம்மா" என்றார். எனக்கும் ஜெயித்த மாதிரித்தான் இருந்தது. அந்த ஆளை அவர் வீட்டு விளக்குக்கு முன்னாலேயே இறங்கி வர வைத்துவிட்டோம் என்று உள்ளே ஒரு குதி குதித்தேன். பத்தர் பொன்காசை உருக்குகிற மூசைக்குள் போடப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஷாமிளா. கஜீவனின் பக்கம் திரும்பினாள். அவன் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தான். நாங்கள் வந்ததில் இருந்து அவன் வாயில் இருந்து ஒரு சொல் வரவில்லை.

"எனக்குத் தங்கமும் வேணாம். மஞ்சக் கயிறு போதும், எங்கம்மா கட்டியிருக்கிற மாதிரி. ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு ஃபோன்ல எங்கிட்டச் சொன்னத இங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க. எனக்கும் தெரியும், நானும் ஓமெண்டு சொன்னேன்னு சொல்லுங்க. அத நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் இப்பவே வெளிய போய் நிக்கிறேன். கல்யாணத்தன்னைக்கு வர்றேன்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு நெருப்பைப் பார்த்தான்.

"ஷாமி, அப்பாதான் தங்கத்தில செய்வம் எண்டு சொல்லிட்டாரே" என்றான். "பிறகேன் இதைப் பெருசாக்கிறீர்?"

அவன் வேறு ஏதாவது சொல்வானா என்று ஷாமிளா பார்த்தாள் போல. அவன் பட்டு வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டான்.

"அப்ப சரி" என்றாள். தங்கம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். திரும்பிப் படியிறங்கினாள். தங்கம்மா "பிள்ளை" என்று ஒரு தடவை கூப்பிட்டது கேட்டது. ஷாமிளா திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். எம்பிலிப்பிட்டிய பஸ் கிடைத்தது, பெல்மதுளையில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று ஏறினோம். ஷாமிளாவை ஜன்னல் பக்கம் விட்டேன். அந்த வெள்ளைத் தலைப் பெரியவர் பேசியதைப் பற்றி, ஏரம்பமூர்த்தியின் முகம் கறுத்ததைப் பற்றி, தோட்டத்தில் யாராவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. டவுனைத் தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நான் அங்க தனியா நின்னு பேசுறேன். அத்தன பேரு பாக்குறாங்க. அவரு அந்தப் பாயில இருந்து எந்திரிக்கக் கூட இல்லக்கா."

சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பெல்மதுளை வரும்வரை அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.